சிறைப்பட்ட நிழலும் ஒப்படைக்கப்பட்ட நிழலும்: கார்டன் பார்க்ஸ், ஈவ் ஆர்னால்டு ஆகியோரின் படங்களை முன்வைத்து

1964 பிப்ரவரி 25ஆம் நாள் இரவு. மியாமி நகரில் சானி லிஸ்டனை வீழ்த்தி உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைக் கைப்பற்றியிருந்த 22 வயது இளைஞர் காசியஸ் கிளே, ஹாம்ப்டன் ஹவுஸ் விடுதியின் சிற்றுண்டிக் கூடத்தில் நண்பர்கள் புடைசூழ அமர்ந்திருக்கிறார். எதிரே நீண்ட மேசையின் மறுபுறத்திலிருந்து ஒருவர் கேமராவை உயர்த்தி அவரைப் படமெடுக்கிறார். அவர் பத்திரிகைப் படக்காரர் அல்லர், மால்கம் எக்ஸ். அந்தக் காட்சியை லைஃப் இதழின் பாப் கோமெல் தம் கேமராவில் பதிந்தார். படமெடுக்கப்படுபவராகவே உலகம் அறிந்திருந்த ஒருவரைப் படமெடுப்பவராகக் காட்டுவதால் அப்படம் இன்றளவும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது.

அடுத்த சில நாள்களில் கிளே, முஹம்மது அலி ஆனார். அதே மார்ச் மாதத்தில் மால்கம், எலைஜா முஹம்மதின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்திலிருந்து வெளியேறினார். மே மாதத்தில் இருவரும் கானா நாட்டில் எதிர்பாராமல் சந்தித்தபோது அலி முகம் கொடுக்காமல் விலகிச் சென்றார். சிற்றுண்டிக் கூடத்து நட்பின் ஆயுள் அவ்வளவுதான். ஆயினும் படம் நிலைத்துவிட்டது. ஒரு மனிதரை நெருங்கிச் சென்று படமெடுப்பவர், அந்த நெருக்கம் கலைந்த பின்னும் அழியாத ஒன்றைத் தம் கையில் வைத்துக்கொள்கிறார். அதை அவர் என்ன செய்கிறார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மால்கமை நெருங்கிச் சென்று படமெடுத்தவர்களுள் இருவர் தனித்து நிற்கிறார்கள். இருவரும் 1912ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவர் கார்டன் பார்க்ஸ்: கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் என்னும் சிற்றூரில் பதினைந்து பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்த கறுப்பினத்தவர். ரயில் வண்டியில் பரிமாறுபவராக வேலை செய்தபோது, பயணி ஒருவர் விட்டுச் சென்ற இதழில் புலம்பெயர்ந்த கூலிகளின் படங்களைப் பார்த்து மனம் கலங்கி, சியாட்டில் நகர அடகுக் கடையொன்றில் கேமரா வாங்கியவர். பின்னர் லைஃப் இதழின் முதல் கறுப்பினப் படக்கலைஞர்; எழுத்தாளர்; திரைப்பட இயக்குநர். 2006இல் மறைந்தார். மற்றவர் ஈவ் ஆர்னால்டு: ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர், மேக்னம் கூட்டமைப்பில் இடம்பெற்ற முதல் பெண்களுள் ஒருவர். 2012 சனவரியில் தம் நூறாம் வயதை எட்டச் சில மாதங்களே இருந்த நிலையில் மறைந்தார். ஒருவர் மால்கமின் நிறத்தைப் பகிர்ந்துகொண்டவர், மற்றவர் அவரது இயக்கம் பகையாகக் கருதிய நிறத்தைச் சேர்ந்தவர்.

இவ்விருவரைப் பற்றிப் பேசுமுன் அரபு மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லைக் குறிப்பிட வேண்டும். எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், கேமரா நம் நாடுகளுக்குள் நுழைந்து பரவிய காலத்தில் அதன் மார்க்கச் சட்ட நிலையைப் பற்றித் தனி நூல் எழுதினார்கள். புகைப்படம் புதிதாக ஓர் உருவைப் படைப்பதாகாது, படைப்பாளன் படைத்த உருவின் நிழலைக் கருவியொன்றின் உதவியால் தடுத்து வைப்பதேயாகும் என்பது அவர்களின் வாதம். 'ஹப்ஸுழ் ழில்' என்பது அவர்கள் கையாண்ட தொடர். இக்கருத்தை ஏற்காத ஆலிம்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அந்த விவாதத்துக்குள் நுழைவது இங்கு நம் நோக்கமன்று. என்னை ஈர்ப்பது 'ஹப்ஸ்' என்ற சொல். அதற்குச் சிறை வைத்தல் என்பது நேர்ப்பொருள். ஆனால் ஃபிக்ஹு நூல்களில் அதே வேர்ச்சொல் வக்ஃபையும் குறிக்கும். மொராக்கோ முதலிய மேற்கு நாடுகளில் வக்ஃபுச் சொத்துகளை 'அஹ்பாஸ்' என்றே அழைக்கிறார்கள். வக்ஃபு செய்யப்பட்டதை விற்க இயலாது, அன்பளிப்பாகத் தர இயலாது, வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளவும் இயலாது. அதன் பயன் உரியவர்களுக்குச் செல்லும். அதைக் காப்பவர் முத்தவல்லியேயன்றி உடைமையாளர் அல்லர். ஒரு மனிதரின் நிழலைத் தடுத்து வைப்பதும் இந்த இரண்டில் ஒன்றாகவே முடிகிறது. ஷெய்க் அவர்கள் இந்த இருபொருளை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மொழி சில வேளைகளில் எழுதுபவரையும் தாண்டிப் பேசும்.

ஈவ் ஆர்னால்டு 1960களின் தொடக்கத்தில் மால்கமைத் தொடர்ந்து பின்சென்று படமெடுத்தார். 1961இல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் கூட்டத்தில் அமெரிக்க நாஜிக் கட்சித் தலைவர் ஜார்ஜ் லிங்கன் ராக்வெல் தம் ஆட்களுடன் சீருடையில் வந்து கறுப்பின மக்களின் நடுவே அமர்ந்திருந்த காட்சியை எடுத்தவரும் அவரே. இனங்கள் பிரிந்து வாழ வேண்டும் என்பதில் இரு எதிரிகளும் ஒன்றுபட்ட விநோதத்தை அப்படத்தைவிடத் தெளிவாக உரைக்கும் கட்டுரையை நான் படித்ததில்லை. கூட்டங்களில் அவரைச் சுற்றி நின்றவர்கள் சிகரெட் நெருப்பால் அவரது கம்பளிச் சட்டையில் துளையிட்டனர் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் அஞ்சி ஓடவில்லை.

அத்தகைய சூழலில் அவர் எடுத்த மால்கமின் பக்கவாட்டுத் தோற்றம் எல்லாருக்கும் தெரிந்த படம்: தொப்பி, மூக்குக்கண்ணாடி, மணிக்கட்டில் கடிகாரம், விரலில் மோதிரம். பார்வை நம்மை நோக்கவில்லை. ஓர் அரசியல் தலைவரைவிட ஒரு திட்டத்தைத் தம்முள் வகுத்துக்கொண்டிருக்கும் அறிவாளியையே நாம் காண்கிறோம். மால்கம் தமக்கு என்ன தேவை, படமெடுப்பவருக்கு என்ன தேவை என்பதை நன்கு அறிந்திருந்தார், காட்சிகளை அமைப்பதில் தேர்ந்தவராக இருந்தார் என்பது ஆர்னால்டின் கணிப்பு. 'முஹம்மது ஸ்பீக்ஸ்' என்ற இயக்க ஏட்டை நிறுவுவதில் முன்னின்றவர் அவர். ஆப்பிரிக்கப் பயணங்களில் கேமராவைத் தோளில் சுமந்தவர். எனவே ஆர்னால்டின் படத்தில் இருப்பது இரு வல்லுநர்கள் பேசி முடித்த ஓர் உடன்படிக்கை. நட்பு இல்லை, மரியாதை உண்டு.

பார்க்ஸின் நிலை வேறு. 1963இல் லைஃப் இதழ் அவரை இவ்வியக்கத்தினரிடம் அனுப்பியது. முதலில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்குச் சென்று எலைஜா முஹம்மதின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. வெள்ளையரின் ஏட்டுக்கு உழைக்கும் கறுப்பர் என்ற ஐயம் அவர்மீது இருந்தது. அந்த ஐயத்தைக் கடக்க உதவியவர் மால்கம். இருவருக்குமிடையே வளர்ந்த நட்பு, பார்க்ஸை மால்கமின் மகள்களுள் ஒருவருக்கு ஞானத்தந்தை என்ற நிலைக்கு உயர்த்தியது. (எலைஜாவின் கொள்கை நம் அகீதாவோடு ஒத்துப்போகாதது என்பதும், மால்கம் 1964இல் ஹஜ்ஜுக்குப் பின் அதிலிருந்து முற்றிலும் விலகினார் என்பதும் இதழின் வாசகர்கள் அறிந்தவையே.)

1963 மே 31ஆம் நாளிட்ட லைஃப் இதழில் அப்படங்கள் வெளிவந்தன. அவற்றோடு பார்க்ஸ் தம் பெயரில் ஒரு கட்டுரையும் எழுதினார். இயக்கத்தில் தாம் சேரவில்லை என்பதையும் அதன் கூக்குரல் தம்மைச் சுட்டது என்பதையும் ஒருசேரச் சொன்ன எழுத்து அது. இதழின் ஆசிரியர்கள் வைத்த தலைப்புகளோ வெள்ளை வாசகரின் அச்சத்தைக் குறிவைத்தன. ஒரே பக்கத்தில் இரு குரல்கள். இது பார்க்ஸுக்குப் புதிதன்று. 1948இல் ஹார்லெம் பகுதியின் இளைஞர் கும்பல் தலைவன் ஒருவனை அவர் நூற்றுக்கணக்கான படங்களில் பதிந்து தந்தபோது, ஆசிரியர்கள் அவற்றிலிருந்து 21ஐத் தேர்ந்தெடுத்து, வீட்டையும் நட்பையும் காட்டியவற்றைப் பின்தள்ளி, வன்முறையையே முன்னிறுத்தினர். படமெடுப்பவருக்கும் படமெடுக்கப்படுபவருக்கும் நடுவே எப்போதும் மூன்றாமவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை நெருக்கத்தைப் புகழ்ந்து எழுதுவோர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த 1963 தொகுப்பில் என் பார்வையில் தலைசிறந்தது மால்கமின் படம் அன்று. எலைஜாவின் மகளும் பெண்களின் பயிற்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவருமான எதெல் ஷரீஃப், வெண்ணிற ஆடையும் தலைத்துணியும் அணிந்து முன்னே நிற்கிறார். அவருக்குப் பின்னால் அதே வெண்ணிறத்தில் அணி அணியாகப் பெண்கள். முன்னிற்பவரின் முகம் மட்டும் கூர்மையாகத் துலங்க, பின்னிருப்போர் மெல்ல மங்கி விரிகிறார்கள். தலையை மறைத்த பெண்ணை மேற்கின் வெகுசன இதழொன்று இரங்கத்தக்கவளாகவோ புதிராகவோ காட்டாமல், எதிரே நிற்பவரை அளந்து பார்க்கும் ஒருத்தியாகக் காட்டியது 1963இல் அரிது, இன்றும் மலிவன்று.

மால்கமைப் பொறுத்தவரை பார்க்ஸின் படங்களுள் ஒன்று தனிச்சிறப்புடையது. லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்கள் ஆயுதமற்ற கறுப்பர் எழுவரைச் சுட்டதைக் கூறும் தலைப்புச் செய்தியுடன் கூடிய ஏட்டை அவர் உயர்த்திக் காட்டுகிறார். ஏட்டின் பெரிய எழுத்துகள் படத்தின் பாதியைப் பேசிவிடுகின்றன. மற்றவை அன்பு நிறைந்தவை. ஆனால் ஆர்னால்டின் பக்கவாட்டுப் படத்துக்கு அவை ஈடாக மாட்டா என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெருங்கிய நண்பர் ஏன் குறைவாகப் பார்த்தார்?

இதற்கு விடை தேடும்போது நம் மரபில் சொல்லால் வரையப்பட்ட உருவங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒப்புமை கூறும் துணிவு எனக்கில்லை. பார்வையைப் பற்றிய பாடமாகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஹிஜ்ரத் பயணத்தின்போது வழியில் ஒரு கூடாரத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறிது நேரம் தங்கினார்கள். அங்கிருந்த உம்மு மஃபத், வந்தவர் யாரென்றே அறியாதவர். மாலையில் வீடு திரும்பிய கணவரிடம் அவர் சொன்ன வர்ணனை, தோற்றத்தின் ஒளி முதல் பேச்சின் அளவு வரை விரிந்து, அரபு உரைநடையின் ஒப்பற்ற சொல்லோவியமாக நிலைபெற்றது. ஆண்டுக்கணக்கில் உடனிருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களோ, கண்ணியத்தின் மிகுதியால் தாம் கண் நிறையப் பார்த்ததே இல்லை, வர்ணிக்கச் சொன்னால் தம்மால் இயலாது என்று மரணப் படுக்கையில் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. திர்மிதி இமாமின் ஷமாயில் நூலில் விரிவான வர்ணனையைத் தருபவர், கதீஜா (ரலி) அவர்களின் மகனாக அந்த வீட்டிலேயே வளர்ந்த ஹிந்து இப்னு அபீ ஹாலா (ரலி). ஆக, ஒருமுறை கண்ட அயலார் பார்த்தார். வீட்டில் வளர்ந்த பிள்ளை பார்த்தார். மதிப்பில் தலைதாழ்த்திய தோழரால் பார்க்க முடியவில்லை. நெருக்கம் பார்வையைத் தந்தே தீரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மால்கம்மீது பார்க்ஸ் கொண்ட மதிப்பு அவர் கண்ணைத் தாழச் செய்தது என்றே நான் கருதுகிறேன். அதை அவரது கலையின் குறையாகச் சொல்லலாம். மனிதத்தின் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1966இல் அவர் முஹம்மது அலியிடம் சென்றபோது நிலைமை வேறாக இருந்தது. வியத்நாம் போர் பற்றி அலி சொன்ன சொற்களால் அமெரிக்க ஏடுகள் அவரைக் கரித்துக்கொட்டிய ஆண்டு அது. மியாமியில் பயிற்சியின்போதும், லண்டனில் ஹென்றி கூப்பருடன் மோதிய நாள்களிலும் பார்க்ஸ் உடனிருந்தார். வியர்வை முத்துகள் திரண்ட அலியின் முகம் சட்டகம் முழுவதையும் நிறைக்கும் படம் இக்காலத்தது. வாய் ஓயாத மனிதரின் வாய் மூடிய படம். அலியின் பேச்சே படமாகிக்கொண்டிருந்த காலத்தில் அவரது மௌனத்தைத் தேடிச் சென்றதில் பார்க்ஸின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. மதிப்பு இங்கு கண்ணைத் தாழ்த்தவில்லை. மூத்த சகோதரர் இளையவரைப் பார்ப்பதுபோல், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு, ஏறிட்டுப் பார்த்திருக்கிறார்.

ஆனால் 1966 செப்டம்பர் 9 இதழில் அது வெளிவந்தபோது வைக்கப்பட்ட தலைப்பு 'வாகையரின் மீட்சி' என்ற பொருளுடையது. யாரிடமிருந்து மீட்சி? எந்தப் பாவத்திலிருந்து? அலி பணிவானவர், பெரியோரை மதிப்பவர், வெள்ளையரை வெறுக்காதவர் என்றெல்லாம் வாசகருக்கு உறுதி அளிக்கும் தொனி கட்டுரையில் ஓடுகிறது. கண்ட உண்மையைத்தான் பார்க்ஸ் எழுதினார், ஐயமில்லை. ஆயினும் ஒரு மனிதரை அவர் சொன்ன நிலைப்பாட்டிலிருந்து பிரித்தெடுத்து நல்லவராக்கிக் காட்டுவது அவருக்குச் செய்யும் முழு உதவி ஆகாது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டன் நகரில் படையில் சேர அலி மறுத்தார், பட்டம் பறிக்கப்பட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கும் வரை அவர் பட்ட பாடு தெரிந்ததே. லைஃப் அளித்த மீட்சியை அவர் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. 1970இல் அவர் மீண்டும் களமேறும் வேளையில் பார்க்ஸ் மறுபடி அவரைத் தேடிச் சென்றார் என்பது அவரது பெருமை. புகழ் குன்றிய காலத்தில் மறைந்துகொள்ளும் நெருக்கம் எவ்வளவு மலிவு என்பதை நம் மேடைகளும் மலர்களும் நாள்தோறும் காட்டுகின்றன.

இனி ஆர்னால்டின் வாழ்வில் நடந்த வேறொரு நிகழ்ச்சி. திரைப்பட நடிகை ஜோன் கிராஃபோர்டு ஒருமுறை மது மயக்கத்தில் ஆடை களைந்து நின்று, தம்மைப் படமெடுக்குமாறு வற்புறுத்தினார். ஆர்னால்டு எடுத்தார். எந்த இதழும் பெருந்தொகை தந்து வாங்கியிருக்கக்கூடிய அப்படங்களைப் பின்னர் அவரிடமே ஒப்படைத்துவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின், 1959இல், கிராஃபோர்டு தம் அன்றாட வாழ்வின் எல்லாக் கதவுகளையும் ஆர்னால்டுக்குத் திறந்துவிட்டார். ஒப்பனை மேசையில் முதுமையோடு போராடும் நடிகையின் அந்தப் படங்கள், கொடுத்துவிட்ட படங்களின் விலையாக வந்தவை என்றால் மிகையாகாது. நம் நூல்கள் 'ஸத்ர்' என்று கூறும் பண்பு, பிறர் குறையை மறைத்தல், இங்கு ஒரு கலைஞரின் தொழில் மூலதனமாகவே மாறியிருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிராஃபோர்டு 1977இல் இறந்த பின் இந்நிகழ்ச்சியை ஆர்னால்டே தம் நூலில் எழுதினார். நாம் அறிவது அதனால்தான். படத்தைத் திருப்பித் தந்தவர் சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். நேர்மையின் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டும் இச்செயலை நான் முழு மனத்தோடு பாராட்டத் தயங்குகிறேன். இறந்தவரின் இழிவைச் சொல்லித் தம் அமானிதப் பண்பை நிறுவுவது என்ன வகை அமானிதம்? இதை எழுதும்போது நானும் அதே கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் உணர்கிறேன். புறம்பேசுதலின் இயல்பே அது.

புகழ்பெற்றோர்க்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. மால்கம் காட்சியை அமைத்தார். அலி பேச்சால் ஆண்டார். கிராஃபோர்டு கதவைத் திறக்கவும் மூடவும் அறிந்திருந்தார். கேமராவின் எதிரே அந்த வலிமையற்றவர் நிற்கும்போதுதான் நெருக்கம் உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது.

பார்க்ஸின் முதல் பெரும் படம் 1942இல் வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. அந்நகரின் கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் நிறத்தின் பெயரால் அவமதிக்கப்பட்டுக் கொதித்து வந்த இளைஞரிடம், அவரது தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், இக்கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்மணியிடம் பேசிப் பாரும் என்றார். எல்லா வாட்சன் என்ற அந்தத் துப்புரவுத் தொழிலாளி தம் வாழ்வைச் சொன்னார். தந்தையை வெள்ளை வெறிக் கும்பல் கொன்றது. கணவர் சுடப்பட்டு இறந்தார். குறைந்த கூலியில் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு கையில் துடைப்பமும் மறுபக்கம் தரைதுடைக்கும் கோலுமாக அவரை நிறுத்தி எடுத்த படம் பார்க்ஸின் சினத்தை உலகுக்குச் சொன்னது. கிராண்ட் உட் 1930இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தின் பெயரையே அதற்கும் இட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது பார்க்ஸின் சினத்துக்கு ஒரு பெண்ணின் உடலைக் கடன் வாங்கியதாகவே முடிந்திருக்கும். அவர் மீண்டும் மீண்டும் சென்றார். அவரது வீடு, பிள்ளைகள், வழிபாட்டிடம் என வாரக்கணக்கில் தொடர்ந்தார். அந்தத் தொகுப்பு முழுவதையும் காண்பவருக்கு எல்லா வாட்சன் ஒரு சின்னமாக அல்லாமல் பெயரும் குடும்பமும் இறைபக்தியும் உள்ள ஒருவராகத் தெரிகிறார். நிழல் வக்ஃபாகும் வழி இது.

இதற்கு எதிர்நிலை நம் வாசகர்கள் அனைவரும் கண்டிருக்கக்கூடிய படம். 1984இல் பெஷாவரை அடுத்த அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் முகம். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வெளிவந்து, உலகின் சுவர்களிலெல்லாம் தொங்கியது. அந்தப் பச்சைக் கண்களை இமை நுனி வரை அறிந்த உலகுக்கு, 2002 வரை 17 ஆண்டுகள் அவள் பெயர் தெரியாது. பெயரைக் கேட்கும் அளவுக்குக்கூட நெருங்காத நெருக்கம்! ஷர்பத் குலா என்ற அந்தப் பெண் தம் படம் உலகைச் சுற்றி வந்ததை அறிந்தபோது குழந்தைகளுக்குத் தாயாக, பர்தா அணிந்த குடும்பப் பெண்ணாக வாழ்ந்துகொண்டிருந்தார். 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2021இல் இத்தாலி அடைக்கலம் தந்தது. அப்படத்தின் கலைத்திறனைப் பற்றி ஒரு சொல்லும் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஹப்ஸ் என்பதன் முதல் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சான்றும் எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் தொலைதூரத்து மேதைகளின் கதைகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ரமளானில் அரிசிப் பையும் வெள்ளத்தின்போது போர்வையும் வழங்கும் நம் ஊர் அமைப்புகள் இன்று என்ன செய்கின்றன? கொடுப்பவர் ஐவர் பையின் ஒரு முனையைப் பிடித்திருக்க, வாங்கும் மூதாட்டி மறுமுனையைப் பிடித்து, கைப்பேசியை நோக்கி நிற்க வேண்டும். அவர் முந்தானையை இழுத்து முகத்தை மறைக்க முயன்றால், இப்படிப் பாருங்கம்மா என்று ஒரு குரல். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம். கணக்குக்கு ரசீது போதுமே. மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை வெள்ளிமேடையில் கேட்டுவிட்டு வாசலில் அதே மூதாட்டியை நிறுத்துகிறோம். பையிலிருந்த அரிசி பத்து நாளில் தீர்ந்துவிடும். படம் அவர் பேரனின் கைப்பேசிக்கும் வந்து சேரும்.

உதவுவதற்காகவே எடுக்கப்பட்ட படமும் இத்தகைய சிக்கலிலிருந்து தப்புவதில்லை என்பதற்குப் பார்க்ஸின் வாழ்விலேயே ஒரு சான்று உண்டு. 1961இல் லைஃப் அவரைப் பிரேசிலின் ரியோ நகருக்கு அனுப்பியது. வறிய குடும்பத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதுவதே ஏற்பாடு. அவரோ கட்டகும்பா என்ற மலைச்சரிவுக் குடிசைப் பகுதியில் ஃபிளாவியோ என்னும் 12 வயதுச் சிறுவனைக் கண்டார். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டு, அடித்து அணைத்து வளர்க்கும் பொறுப்பு அவனுடையது. ஆஸ்துமா அவனைத் தின்றுகொண்டிருந்தது. மூச்சு முட்டிய நிலையில் படுக்கையில் அவன் சாய்ந்து கிடக்கும் படம் ஜூன் 16 இதழில் வெளிவந்ததும் அமெரிக்க வாசகர்கள் கடிதங்களோடு ஏறத்தாழ 30,000 டாலரும் அனுப்பினர். பார்க்ஸ் திரும்பிச் சென்று சிறுவனை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார். டென்வர் நகர மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை. குடும்பத்துக்குக் குடிசைப் பகுதிக்கு வெளியே ஒரு வீடு. பிரேசிலின் 'ஓ குருசேய்ரோ' இதழ் இதனால் சினந்து, தன் படக்கலைஞர் ஹென்றி பாலோவை நியூயார்க்குக்கு அனுப்பி, அங்குள்ள வறுமையைப் படமெடுத்து வெளியிட்டது. நாடுகளுக்கிடையே மானப் பிரச்சினையான அந்தச் சண்டையில் குழந்தைகள் யாருக்கும் நினைவில் இல்லை.

1963இல் உடல்நலம் பெற்ற ஃபிளாவியோ ஊருக்கு அனுப்பப்பட்டான். அவனுக்குப் போக மனமில்லை. வெண்ணிறப் படுக்கையும் பள்ளியும் பழகிய கண்ணுக்கு ரியோ வேறாகத் தெரிந்தது. பார்க்ஸ் எடுத்த நூற்றுக்கணக்கான மனிதர்களுள் தம்மை விடாமல் தொடர்ந்தவன் இவன் ஒருவன்தான் போலும். 1976இல் அவர் மீண்டும் ரியோ சென்றார். 1978இல் 'ஃபிளாவியோ' என்ற பெயரிலேயே நூல் எழுதினார். வாசகரின் கண்ணீரைப் புகழாத நூல் அது. ஒரு குழந்தையின் வாழ்வுக்குள் நுழையும் உரிமையை எனக்கு யார் தந்தது என்று தம்மையே விசாரிக்கும் குரல் அதில் உண்டு. அவர் எழுதியவற்றுள் அதையே நான் உயர்ந்ததாக மதிப்பேன்.

அவர் சென்றபோது ஃபிளாவியோ மனைவி மக்களோடு லைஃப் வாசகர்களின் பணத்தில் கிடைத்த அதே வீட்டில் குடியிருந்தான், காவலாளி வேலை. இறந்துவிடுவான் என்று 1961இல் எல்லாரும் எண்ணிய சிறுவன் உயிரோடும் உழைப்போடும் இருந்தான். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனை விட்டு நீங்கவில்லை. பார்க்ஸ் கேமராவை எடுத்து, அந்த வீட்டு வாசலில் அவனையும் அவன் பிள்ளைகளையும் படமெடுத்தார்.